ஓவர்டைம் ஓட்டாமல் பீஸ் கூட்டுவது எப்படி? புதிதாகத் தையல் யூனிட் தொடங்குவோருக்கு

திருப்பூரில் எட்டு, பத்து மிஷின் போட்டு ஜாப் ஒர்க் (கம்பெனி சரக்கைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) யூனிட் தொடங்குபவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒரு வியாழக்கிழமை வரும். சனிக்கிழமை டெலிவரி, பாதி பீஸ்கூட இறங்கியிருக்காது, கம்பெனியிலிருந்து போன் மேல் போன். உடனே தோன்றும் வழி அரை ஷிப்ட் சேர்ப்பதுதான். காலை எட்டரைக்குத் தொடங்கிய லைனை இரவு ஒன்பது, ஒன்பதரை வரை இழுப்பார்கள். ஊர் வழக்கம் என்பதால் டெய்லர்களும் மறுக்க மாட்டார்கள். அந்த வாரம் எப்படியோ சரக்கு போய்விடும். அடுத்த வாரமும் அதேபோல ஒரு வியாழக்கிழமை வரும்.

அரை ஷிப்டில் கூலி முழுசாகப் போகும், பீஸ் முழுசாக வராது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் எடுத்த உற்பத்திக் கணக்குகளை ஜான் பென்கவெல் என்ற பொருளாதார அறிஞர் 2014-இல் மறுபடி அலசினார். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாரம் 49 மணி நேரம் வரை, நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே அளவில் கூடியது. அதற்கு மேல் ஏற்றம் குறைந்துகொண்டே போனது. 70 மணி நேரம் வேலை செய்த வாரத்தில் வந்த உற்பத்திக்கும் 56 மணி நேர வாரத்தின் உற்பத்திக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. தையல் லைனில் இன்னொரு நஷ்டமும் உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் தைத்ததில் ஒரு பகுதி மறுநாள் காலை பிரித்துத் தைக்க வேண்டியதாகத் திரும்பி வரும். போதாததற்கு, வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்பது சட்டம்.

எட்டு டெய்லர் உட்கார்ந்து ரவுண்டு நெக் டி-ஷர்ட் தைக்கும் லைனை உதாரணமாக வைத்துக்கொண்டு, அதே எட்டு மணி நேரத்தில் பீஸை எப்படிக் கூட்டுவது என்று பார்க்கலாம்.

முதலில் போர்டு

ஒரு வெள்ளை போர்டு வாங்கி லைன் முடியும் இடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் ஓ.கே. ஆன பீஸ் எத்தனை என்று எழுதுங்கள். கடைசி மிஷினில் இறங்கியதை எண்ணக் கூடாது, செக்கிங் தாண்டியதைத்தான் எண்ண வேண்டும். பக்கத்தில் ஒரு கட்டம் விட்டு, பீஸ் குறைந்த மணி நேரத்துக்குக் காரணத்தை இரண்டே வார்த்தையில் எழுதுங்கள்: "லேபிள் இல்லை", "பேட்லாக் ரிப்பேர்", "கரண்ட் போச்சு", "ரிப் பத்தலை". (பேட்லாக் என்பது மடிப்புத் தையல் போடும் மிஷின், ரிப் என்பது கழுத்துக்குப் போடும் பட்டைத் துணி.)

ஒரு வாரம் வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்யுங்கள். நாள் முடிவில் மொத்த பீஸை மட்டும் எண்ணும் யூனிட்டில் எங்கே நேரம் போனது என்று யாருக்கும் தெரியாது. ஆள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், பெரும்பாலும் அடுத்தவரைக் காட்டி. வாரக் கடைசியில் போர்டைப் பார்த்தால் இரண்டு மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப எழுதியிருப்பது தெரியும். அவற்றில் பாதி தையலோடு சம்பந்தமே இல்லாதவையாக இருக்கும்.

ஆபரேஷன் வாரியாக நேரம் எடுப்பது

செல்போனில் உள்ள ஸ்டாப் வாட்ச் போதும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அடுத்தடுத்து 10 பீஸ் நேரம் எடுத்து, மொத்தத்தை 10-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். டெய்லர் பீஸைக் கையில் எடுப்பதில் தொடங்கி அடுத்த பீஸை எடுக்கும் வரை ஒரு சுற்று. நூல் அறுந்த பீஸ், போன் வந்த பீஸ் போன்றவற்றைச் சராசரியில் சேர்க்காதீர்கள். ஆனால் அறுந்தது என்று தனியாகக் குறித்து வையுங்கள், பிறகு பயன்படும். காலை பத்து மணிக்கு ஒரு முறை, மதியம் மூன்று மணிக்கு ஒரு முறை எடுத்தால் உண்மையான நேரம் கிடைக்கும்.

டெய்லருக்குத் தெரியாமல் ஒளிந்து நின்று நேரம் எடுக்காதீர்கள். ஒளிந்து எடுத்தால் ரேட்டைக் குறைக்கத்தான் என்று நினைத்துக் கை தானாக மெதுவாகும். எதற்கு எடுக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாதாரண ரவுண்டு நெக்கில் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய இப்படி இருக்கும் (உங்கள் லைனில் மாறலாம், முறை மாறாது). ஓவர்லாக் என்பது விளிம்பைச் சுற்றித் தைத்து மூட்டும் மிஷின், சிங்கர் என்பது சாதாரண நேர்த்தையல் மிஷின்:

ஷோல்டர் ஜாயின்ட், ஓவர்லாக்: 20 வினாடி
ரிப் மூட்டுதல், சிங்கர்: 14
கழுத்தில் ரிப் ஏற்றுதல், ஓவர்லாக்: 30
பின்கழுத்து டேப், லேபிளுடன், சிங்கர்: 52
ஸ்லீவ் மடிப்பு இரண்டும், பேட்லாக்: 28
ஸ்லீவ் ஏற்றுதல் இரண்டும், ஓவர்லாக்: 44
சைடு மூட்டுதல், வாஷ்கேர் லேபிளுடன், ஓவர்லாக்: 50
பாட்டம் மடிப்பு, பேட்லாக்: 30

மொத்தம் 268 வினாடி. எட்டுப் பேருக்குச் சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 33.5 வினாடி, மணிக்கு 107 பீஸ் வர வேண்டும். வராது. ஏனென்றால் டேப் டெய்லருக்கு ஒரு பீஸுக்கு 52 வினாடி ஆகிறது. மற்ற ஏழு பேர் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் மணிக்கு 69 பீஸுக்கு மேல் அவர் கையைத் தாண்டி எதுவும் வெளியே வராது. லைன் முட்டும் இடம் அது.

டீ, நூல் மாற்றுவது, கட்டு அவிழ்ப்பது எல்லாம் போக மணிக்கு 51 நிமிடம், அதாவது 85 சதவீதம் கையில் நிற்கும் என்று வைத்தால் மணிக்கு 59 பீஸ், எட்டு மணி நேரத்தில் 470 பீஸ் சொச்சம். இதே லைனில் அரை ஷிப்ட் என்று நான்கு மணி நேரம் சேர்த்தால் 700 வரும். அதுவும் இரவு ஒன்பது மணிக்குக் காலை பத்து மணி வேகம் இருந்தால்தான்.

முட்டும் இடத்தை உடைப்பது

முட்டும் டெய்லரை விரட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது பலிக்காது. அவரிடம் இருக்கும் வேலையைக் குறைக்க வேண்டும். மிஷின் வாரியாகக் கூட்டிப் பாருங்கள். சிங்கர் வேலை 14 + 52 = 66 வினாடி, இரண்டு பேர், ஆளுக்கு 33. ஓவர்லாக் வேலை 144 வினாடி, நான்கு பேர், ஆளுக்கு 36. பேட்லாக் 58 வினாடி, இரண்டு பேர், ஆளுக்கு 29. ஆட்கள் போதும், மிஷினும் போதும். வேலை பிரிந்திருக்கும் விதத்தில்தான் கோளாறு.

டேப் வேலையை இரண்டாக வெட்டுங்கள்: டேப்பை வைத்து ஓட்டுவது 24 வினாடி, லேபிள் வைத்து மடித்து மேல் தையல் போடுவது 28 வினாடி. ரிப் மூட்டும் டெய்லர் 14 வினாடியோடு சும்மா இருப்பவர், அவரிடம் 24-ஐக் கொடுங்கள். அவருக்கு 38, மற்றவருக்கு 28. ரிப் மூட்டுவதையும் டேப் வைப்பதையும் பீஸுக்குப் பீஸ் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டாம். காலையில் முதல் அரை மணி நேரம் ரிப்பை மட்டும் தொடர்ச்சியாக ஓட்டி, நூறு பீஸுக்கு மேல் முன்னால் வைத்துவிட்டு டேப்புக்கு மாறட்டும். முன்னால் வைத்த ரிப் தீரப் போகும்போதெல்லாம் இன்னொரு சுற்று.

சிங்கர் சரியானதும் முட்டும் இடம் சைடுக்கு நகரும். அங்கே 50 வினாடி. ஷோல்டர் டெய்லருக்கு 20 வினாடிதான் வேலை. அதனால் சைடுக்குப் போகும் கட்டுகளில் மூன்றுக்கு ஒன்றை அவரிடம் கொடுங்கள். அவருக்குச் சராசரி 37 ஆகும், சைடு டெய்லருக்கு 33 ஆகும். அடுத்து முட்டுவது ஸ்லீவ், 44 வினாடி. ரிப் ஏற்றுபவர் ஆறு கட்டுக்கு ஒரு கட்டு ஸ்லீவ் எடுத்துக்கொண்டால் இருவரும் 37-க்கு வந்துவிடுவார்கள்.

இப்போது லைனில் அதிகபட்ச நேரம் 38 வினாடி. மணிக்கு 94 பீஸ். அதே 85 சதவீதக் கணக்கில் 80 பீஸ், எட்டு மணி நேரத்தில் 640. பன்னிரண்டு மணி நேரம் இழுத்தும் 700-ஐ எட்டத் தடுமாறிய அதே எட்டுப் பேர், அதே எட்டு மிஷின்.

இதற்கு மிஷின்களை இடம் மாற்ற வேண்டி வரும். ஷோல்டர் ஓவர்லாக்கும் சைடு ஓவர்லாக்கும் அடுத்தடுத்து இருக்கட்டும், ரிப் ஏற்றும் மிஷினும் ஸ்லீவ் மிஷினும் அப்படியே. கட்டு நகர வேண்டுமே தவிர டெய்லர் எழுந்து நடக்கக் கூடாது. பல யூனிட்களில் மிஷின் வாங்கிய வரிசையிலேயே சுவரோரம் நிற்கும், பிளக் பாயின்ட் அங்கே இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக. ஒரு ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரை இழுத்துவிட்டால் தீரும் விஷயம் இது.

இங்கே ஒரு எச்சரிக்கை. முட்டாத இடத்தில் வேகம் கூட்டுவதால் ஒரு பீஸ்கூடக் கூடுதலாக வெளியே போகாது. ஷோல்டர் டெய்லர் மணிக்கு 180 தைக்க முடியும் என்று தைக்க விட்டால் டேப் மிஷின் முன்னால் மலையாகக் குவியும். குவிந்ததில் சைஸ் கலக்கும், ஷேடு கலக்கும், கீழே இருப்பது அழுக்காகும். எந்த மிஷின் முன்னாலும் இரண்டு கட்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி வையுங்கள். மூன்றாவது கட்டு வந்தால் முந்தைய டெய்லர் நிறுத்திவிட்டு அடுத்தவருக்குக் கை கொடுக்க வேண்டும். மிஷின் சும்மா நிற்பதைப் பார்க்கப் புது முதலாளிக்கு வயிறு எரியும். முட்டும் மிஷின் நிற்காதவரை கவலைப்பட ஒன்றுமில்லை.

கட்டின் அளவு

கட்டிங் டேபிளிலிருந்து 50 பீஸ் கட்டாக வருவது பலருக்கு வழக்கம். ஐம்பதை ஒரே கட்டாக நகர்த்தினால் எங்கேயும் ஒரு நிமிடம்கூட நிற்காவிட்டாலும் அந்தக் கட்டு முழுசாக வெளியே வர 50 × 268 வினாடி, 3 மணி 43 நிமிடம் ஆகும். பத்தாகப் பிரித்தால் 45 நிமிடம்.

வேகத்தைவிடப் பெரிய லாபம் டேமேஜில். ரிப் ஏற்றுவதில் கழுத்து அலை அடிக்கிறது என்று வையுங்கள். அதற்கும் செக்கிங் டேபிளுக்கும் நடுவில் டேப், ஸ்லீவ், சைடு, பாட்டம் என்று நான்கு மிஷின். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு ஐம்பது கட்டு நின்றால், தப்பு கண்ணில் படும்போது 200 பீஸ் கெட்டிருக்கும். பத்துக் கட்டாக இருந்தால் 40. முப்பது வினாடியில் ஓடிய ஓவர்லாக் தையலைப் பிரிக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். பிரிக்கும்போது துணியில் ஊசி ஓட்டை விழுந்தால் பீஸே போச்சு.

பத்து அல்லது ஒரு டஜன் சரியான அளவு. ஐந்துக்குக் கீழே போனால் கட்டு அவிழ்த்துக் கட்டுவதிலேயே நேரம் போய்விடும். ஒவ்வொரு கட்டிலும் சைஸ், கட்டு எண், லே (வெட்டுவதற்காக விரித்து அடுக்கிய துணி) எண் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். முன், பின், ஸ்லீவ் மூன்றும் லேயில் ஒரே மடிப்பிலிருந்து வந்தவையாக இருக்க நம்பர் ஸ்டிக்கர் அவசியம். ஸ்டிக்கர் ஒட்டச் சோம்பல்பட்ட லாட்டில், உடம்பு ஒரு நீலம் கை ஒரு நீலமாக நிற்பதை வெயிலில் பார்த்தால்தான் தெரியும். டியூப் லைட் வெளிச்சத்தில் தெரியாது.

கை போகும் வழி

ஒரு டெய்லரைப் பத்து நிமிடம் உற்றுப் பாருங்கள். ஊசி ஓடும் நேரம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் எடுப்பது, திருப்புவது, விளிம்பு சேர்ப்பது, வெட்டுவது, போடுவது. ஆகவே மிஷின் ஆர்.பி.எம். கூட்டுவதால் கிடைப்பது குறைவு, கையைச் சுருக்குவதால் கிடைப்பது அதிகம். நூறாண்டுக்கு முன் அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத் செங்கல் கட்டும் வேலையில் இதைத்தான் செய்தார். கல்லைக் குனிந்து எடுக்காத உயரத்துக்கு ஏற்றி, ஒரு கல் வைக்கச் செய்துவந்த 18 அசைவுகளை ஐந்தாகக் குறைத்தார்.

ஸ்லீவ் ஏற்றும் இடத்தில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். மோசமான அமைப்பில் உடம்பு பீஸ்கள் வலது பக்கம் தரையில் கூடையில் கிடக்கும். ஸ்லீவ் மடியில். டெய்லர் குனிந்து ஒன்றை இழுப்பார், முன்பக்கமா பின்பக்கமா என்று விரித்துப் பார்ப்பார், மடியிலிருந்து ஸ்லீவ் எடுத்து நல்ல பக்கம் எது என்று தடவிப் பார்ப்பார், இடதா வலதா என்று பார்ப்பார், அப்புறம்தான் தையல். தைத்த பின் கத்தரியைத் தேடி செயின் நூலை வெட்டுவார். 44 வினாடியில் பாதிக்கு மேல் இதிலேயே கரைந்துவிடும்.

இதைச் சரி செய்ய: உடம்பு பீஸ்கள் இடது பக்கம், மிஷின் டேபிள் உயரத்தில் ஒரு ஸ்டூலில், எல்லாம் நல்ல பக்கம் மேலே, கழுத்து ஒரே திசையில். ஸ்லீவ் வலது கை எட்டும் இடத்தில், இடது ஸ்லீவ் ஒரு அடுக்கு, வலது ஸ்லீவ் ஒரு அடுக்கு. ஸ்லீவ் மடித்து வரும்போதே கைமடி அக்கா (டெய்லருக்கு உதவியாக இருப்பவர்) அப்படி அடுக்கிவிட்டால் டெய்லருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. பிசிறு வெட்ட வேண்டியதைத் தொடர் தையலாக விட்டு, பத்து பீஸ் சேர்ந்ததும் கைமடி வெட்டிப் பிரிக்கட்டும். ரிப் மூட்டுவதில் இதற்குப் பலன் அதிகம். ஒன்றன்பின் ஒன்றாக ஊசியை நிறுத்தாமல் ஓட்டினால் 14 வினாடி 10-க்குக் கீழே வருவது சாதாரணம்.

எட்டு டெய்லருக்கு இரண்டு கைமடி இருந்தால், அவர்களை முட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கூலி மிச்சம் என்று கைமடியை நிறுத்திவிட்டு டெய்லரையே அடுக்கச் சொல்வது தப்பான சிக்கனம்.

ஊசி, நூல், பாபின்

போர்டில் "நூல் அறுந்தது" அடிக்கடி வந்தால் முதலில் ஊசியைப் பாருங்கள். பனியன் துணிக்கு முனை உருண்ட பால் பாயின்ட் ஊசிதான் வேண்டும். 160 முதல் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) சிங்கிள் ஜெர்சி என்ற சாதாரண டி-ஷர்ட் துணிக்கு 11-ஆம் நம்பர், மெல்லிய துணிக்கு 9. கூர் முனை ஊசி போட்டால் நூலிழையை அறுத்துவிடும். அப்போது தெரியாது, ஒரு சலவைக்குப் பிறகு தையல் ஓரமாக ஓட்டை விழும். சிங்கர் மிஷினுக்கு டிபி×1, ஓவர்லாக்குக்குப் பொதுவாக டிசி×27, பேட்லாக்குக்கு யுஒய்128 வகை. மாற்றிப் போட்டால் லூப்பரில் (அடியில் நூல் கோக்கும் கொக்கி) இடித்துத் தையல் விடும். வாங்கும்போது மிஷின் மாடலைச் சொல்லி வாங்குங்கள்.

ஊசி உடையும் வரை காத்திருக்காமல் தினமும் காலையில் எல்லா மிஷினிலும் புது ஊசி போட்டுவிடுங்கள். செலவு டீச்செலவைவிடக் குறைவு. உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ஒரு பேப்பரில் டேப் போட்டு ஒட்டி வைக்க வேண்டும். குழந்தைகள் சரக்கில் ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டை வெளியே விடக் கூடாது.

சிங்கரில் ஒரு பாபின் எத்தனை பீஸ் ஓடுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். காலையில் பத்து பாபின் சுற்றி வைத்து, அந்த எண்ணிக்கைக்கு ஒரு பீஸ் முன்பே மாற்றச் சொல்லுங்கள். பின்கழுத்து மேல் தையலில் பாதியில் பாபின் தீர்ந்தால் ஒட்டுத் தையல் தெரியும், பையரிடம் அது டேமேஜ்.

காலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் அதே துணியின் வெட்டுத் துண்டில் ஒரு சாண் தைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு இஞ்சுக்கு 10 முதல் 12 தையல் இருக்கிறதா, இழுத்தால் நூல் படீரென்று அறுகிறதா என்று இரண்டையும் பாருங்கள். அறுந்தால் டென்ஷன் இறுக்கம், அல்லது தையல் நீளம் அதிகம்.

செக்கிங் எங்கே உட்கார வேண்டும்

பொதுவாக லைன் கடைசியில்தான் செக்கிங் டேபிள் இருக்கும். ஒரு செக்கரையாவது முட்டும் ஆபரேஷனுக்கு முன்னால் நிறுத்துங்கள். ஏற்கெனவே கெட்ட பீஸை உங்கள் லைனின் மிக விலை உயர்ந்த 38 வினாடியில் தைப்பது வீண். ரிப் ஏற்றிய உடனே கழுத்து அளவை இஞ்ச் டேப் வைத்துப் பார்த்துவிட்டால் பாதி ஆல்ட்ரேஷன் குறையும்.

புது ஸ்டைல் ஏறும் அன்று ஒவ்வொரு சைஸிலும் ஒரு பீஸ் கடைசி வரை தைத்து, சேம்பிளோடு அளந்து, கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கையெழுத்து வாங்கிய பிறகே மொத்தக் கட்டிங்கை ஏற்றுங்கள். கையெழுத்து வாங்கும் அரை நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் மூன்று நாள் போகும்.

லைனுக்கு வருவதற்கு முன்னால்

போர்டில் எழுதிய காரணங்களில் "இல்லை", "பத்தலை" என்று முடிபவை எல்லாம் இந்த வகை. ஓர் ஆர்டரை லைனில் ஏற்றும் முன் மெயின் லேபிள், சைஸ் லேபிள், வாஷ்கேர், டேப், ரிப், அந்த ஷேடு நூல் எல்லாம் கையில் எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் ஏற்றாதீர்கள். "மதியம் வந்துரும் அண்ணா" என்று சொன்ன லேபிள் மறுநாள் மதியம்தான் வரும், அதுவரை பாதி தைத்த முந்நூறு பீஸ் நடைபாதையில் கிடக்கும்.

துணி ரோலிலிருந்து பிரித்ததும் வெட்டக் கூடாது. பின்னல் துணி இறுக்கிச் சுற்றி வருவதால் இழுபட்டிருக்கும். குறிப்பாக லைக்ரா கலந்தது. 12 முதல் 24 மணி நேரம் தளர்வாக மடித்துப் போட்டு வையுங்கள். உடனே வெட்டினால் தைத்த பின் பீஸ் சுருங்கி, எல் சைஸ் எம் அளவில் நிற்கும். அதற்குப் பிறகு எந்த லைன் வேகமும் உதவாது.

வெட்டிய சரக்கு ஒரு நாளுக்கானது முன்னால் இருந்தால் போதும். மூன்று நாள் சரக்கை வெட்டிக் குவித்தால் இடமும் போகும், ஆர்டரில் மாற்றம் வந்தால் துணியும் போகும்.

ஆள் வராத திங்கட்கிழமை

சனிக்கிழமை சம்பளம் போட்டால் திங்கட்கிழமை ஓரிருவர் வர மாட்டார்கள். இதைத் திட்டிப் பயனில்லை, கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தாளில் இடது பக்கம் டெய்லர் பெயர், மேலே ஆபரேஷன் எழுதி, யாருக்கு எது தெரியும் என்று டிக் போடுங்கள். எந்த ஆபரேஷனுக்கும் ஒரே ஒரு டிக் இருக்கக் கூடாது. இருந்தால் வாரத்தில் ஒரு மணி நேரம் இன்னொருவருக்கு அதைப் பழக்குங்கள். மேலே சொன்ன வேலைப் பகிர்வு நடக்கவும் இந்தப் பழக்கம்தான் அடிப்படை. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் வாரங்களில் இந்தத் தாள் இல்லாத யூனிட் பாதி மிஷினோடு நிற்கும்.

டீ நேரம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், நிஜமாக எழுந்து வெளியே போகும் ஓய்வாக. முட்டும் மிஷின் மட்டும் நிற்க வேண்டாம். அந்த டெய்லர் கால்மணி முன்னதாகப் போய்வர, இன்னொருவர் அதில் உட்காரட்டும். தகரக் கூரைக் கட்டடம் என்றால் ஏப்ரல், மே மதியங்களில் போர்டில் எண் சரியும். மிஷின் வாங்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்துக் கூரைக்கு அடியில் தெர்மாகோலும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் போடுவது நல்ல முதலீடு.

கூலிக் கணக்கு

புது யூனிட்கள் இந்த முறையைத் தொடங்கி மூன்றாவது வாரத்தில் கைவிடுவது இங்கேதான். பீஸ் ரேட்டில் ஓடும் டெய்லரிடம் அடுத்தவர் வேலையில் மூன்றுக்கு ஒரு கட்டை எடு என்றால், அவருக்கு எவ்வளவு, மற்றவருக்கு எவ்வளவு என்று முதல் நாளே தகராறு வரும். ஒவ்வொரு கட்டின் சீட்டிலும் ஆபரேஷன் வாரியாகக் கிழித்தெடுக்கும் கூப்பன் வையுங்கள். தைத்தவர் கிழித்துத் தன் நோட்டில் ஒட்டிக்கொள்வார். டேப்பை இரண்டாகப் பிரித்தால் அதன் ரேட்டையும் 24-க்கு 28 என்ற விகிதத்தில் பிரியுங்கள். சின்ன லைன் என்றால் எட்டுப் பேருக்கும் ஓ.கே. பீஸுக்கு ஒரு குழு ரேட் போட்டுப் பிரித்துக் கொடுப்பது இன்னும் எளிது. ஆனால் ஒருவர் மிகவும் மெதுவாக இருந்தால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள்.

பீஸ் கூடியதும் ரேட்டைக் குறைக்காதீர்கள். 470 பீஸ் 640 ஆனால் டெய்லர் கையில் கூடுதலாகப் போவது அவர் உழைப்பு, உங்களுக்கு மிச்சமாவது அரை ஷிப்ட் கூலி, கரண்ட், இரவுச் சாப்பாட்டுச் செலவு. ஒரு முறை ரேட்டை வெட்டினால் அடுத்த ஸ்டைலில் ஸ்டாப் வாட்சைக் கண்டதும் எல்லா மிஷினும் மெதுவாகும். அந்தப் பேச்சு பக்கத்துத் தெரு யூனிட் வரை போய்ச் சேரும்.

அரை ஷிப்ட் ஓட்டியே ஆக வேண்டும் என்றால்

கரண்ட் போய்விட்டது, துணி இரண்டு நாள் தாமதம், கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அப்படியும் நாள் வரும். அன்றைக்கு முழு லைனையும் உட்கார வைக்காதீர்கள். முட்டும் மிஷின்கள் எவையோ அவற்றை மட்டும் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். நம் உதாரணத்தில் டேப் வைக்கும் சிங்கரும் ஓவர்லாக்குகளும். மறுநாள் காலை வேலை தொடங்கும்போது அவற்றுக்கு அடுத்த மிஷின்கள் முன்னால் சரக்கு தயாராக இருக்கும். எட்டுப் பேருக்குப் பதில் ஐந்து பேர், நான்கு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு. இரவில் தைத்த கட்டுகளுக்குத் தனி நிறச் சீட்டு போட்டு, காலையில் முதல் வேலையாக அவற்றைச் செக்கிங் செய்யுங்கள்.

ரவுண்டு நெக் முடிந்து போலோ ஏறினால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. பிளாக்கெட் (முன்கழுத்தில் பட்டன் வரும் பட்டி), காலர், பட்டன் ஓட்டை என்று ஆபரேஷன் கூடும், முட்டும் இடம் அநேகமாகப் பிளாக்கெட் ஆகும். முதல் நாள் நேரம் எடுக்காதீர்கள், கை பழகியிருக்காது, பழைய ஸ்டைலில் பாதி பீஸ் வந்தாலே அதிகம். மூன்றாவது நாள் ஸ்டாப் வாட்சை எடுத்தால் நம்பலாம்.